நைல் கரையின் ஊர்கள்: ஒட்டுண்ணியும் மனநோயும் - உகாண்டா பயணக் குறிப்புகள்

திங்கள், எண்டெபே

எண்டெபே தாவரவியல் பூங்காவின் புல்வெளி சரிந்து இறங்கி விக்டோரியா ஏரியில் போய் முடிகிறது. மாலையில் அங்கே சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிப் படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. இதே ஏரியின் வடகரை ஊர்கள் பல, ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்பு, மனிதர் இல்லாமல் காடு மண்டிப் போயின. 1900க்கும் 1920க்கும் இடையில் தூக்க நோய் இக்கரையிலும் அடுத்துள்ள புசோகா நாட்டிலுமாகக் கொன்றவர்கள் 2,50,000 பேர் இருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பெரிதும் ஏற்றுக்கொண்ட கணக்கு. மிஞ்சியவர்களைக் காலனி அரசு கரையோரத்திலிருந்து அப்புறப்படுத்தியது. 1909இல் செசே தீவுகளையும் காலி செய்ய வைத்தது.

1901இல் கம்பாலாவின் மெங்கோ மருத்துவமனையில் பணியாற்றிய ஆல்பர்ட் குக், ஜாக் குக் சகோதரர்கள்தாம் இங்கே இந்நோயை முதலில் இனங்கண்டார்கள். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி ஒரு குழுவை எண்டெபேக்கு அனுப்பியது. அக்குழுவில் இருந்த ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இளம் மருத்துவர், நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் டிரிபனோசோம் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி நெளிவதைக் கண்டார். 1903இல் வந்து சேர்ந்த டேவிட் புரூஸ், அதை ஆளுக்கு ஆள் கொண்டுசேர்ப்பது செட்ஸி ஈ என்று நிறுவினார்.

சென்னையில் மனநலப் பிரிவு ஒன்றில் பணிபுரியும் நான் இந்த நாட்டைத் தேடி வந்ததற்கு இந்தக் கரையே முதல் காரணம். தூக்க நோய் என்ற பெயர் தூக்கத்தை மட்டுமே சொல்கிறது. ஒட்டுண்ணி இரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் இருக்கும்வரை காய்ச்சல், தலைவலி, அரிப்பு என்று எந்த நோய்க்கும் பொருந்தும் குறிகளே தெரியும். அது மூளைக்குள் நுழைந்த பிறகு பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகுவதும், இரவில் உறங்காமல் அலைவதும், சாதுவாக இருந்தவர் கைநீட்டுவதும், இல்லாத குரல் கேட்பதும், வெட்கம் மறந்து நடந்துகொள்வதும், பின்பு ஒன்றிலும் பற்றற்று ஒடுங்கிப்போவதும் தொடர்கின்றன. நோய் முற்றிய நிலையில் இருந்த 2,500க்கும் மேற்பட்டோரைப் பல ஆப்பிரிக்க நாடுகளில் பரிசோதித்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தூக்கக் குலைவும், கால்வாசிப் பேருக்கு நடத்தை மாற்றமும் இருந்தன. அந்தக் கால்வாசிப் பேரில் ஒருவரை, கதையின் முன்பகுதி தெரியாமல், எங்கள் புறநோயாளி அறைக்குள் அழைத்து வந்தால் நாங்கள் என்ன பெயர் சூட்டுவோம் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மனச்சிதைவு என்றோ மனஎழுச்சி என்றோ தயங்காமல் எழுதியிருப்போம்.

1906இல் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் செசே தீவுகளில் முகாமிட்டு அடாக்ஸில் என்ற ஆர்செனிக் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு நோய் தணிந்தது. சிலருக்குப் பார்வை நரம்பு கருகி நிரந்தரமாகக் கண் போயிற்று. எந்த மருத்துவமும் இவ்வாறான விலையைக் கேட்காத நிலை வர இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதை மேற்கு நைல் பகுதியில் பார்க்கப் போகிறேன்.

செவ்வாய், கம்பாலா

புட்டாபிகா தேசிய மனநல மருத்துவமனை கம்பாலாவின் கிழக்கு ஓரத்தில், ஏரியைப் பார்த்தபடி பரந்த வளாகத்தில் இருக்கிறது. 1955இல் இங்கே இயங்கத் தொடங்கியது. நான்கரைக் கோடி மக்கள் வாழும் நாட்டில் மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை சில பத்துகளிலேயே நிற்பதால், உகாண்டா நெடுங்காலமாக வேறொரு வழியைக் கையாள்கிறது: மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் மனநோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் பயிற்சி பெற்ற மனநல மருத்துவ அலுவலர்கள். இவர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி புட்டாபிகாவில் இருக்கிறது. என்னோடு வடக்கே வரவிருக்கும் நண்பர் அப்படிப் பயிற்சி பெற்றவர், அச்சோலி இனத்தவர், கிட்கும் மாவட்டத்துக்காரர். எங்கள் நாட்டில் மாவட்டத்துக்கு இப்படி நான்கு பேர் இருந்தால் எவ்வளவோ குறை தீரும் என்று அவரிடம் சொன்னேன்.

பிற்பகல் முலாகோ மருத்துவமனைப் பக்கம் போனோம். ஒட்டுண்ணியும் மனமும் என்ற பேச்சில் எல்லோரும் மறந்துவிடும் நோய் மலேரியா. அது மிகப் பழகிய நோய் என்பதே காரணம். ஃபால்சிபாரம் என்னும் கொடிய வகை மலேரியா தாக்கிய குழந்தைக்கு, தொற்றிய சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஒட்டி அடைத்துக்கொள்ளும்போது நினைவு தப்புகிறது. உடனே ஆர்டிசுனேட் ஊசி போட்டால் பல குழந்தைகள் பிழைக்கிறார்கள். கண் விழித்த மூன்றாம் நாள் தாய் மகிழ்ச்சியோடு வீட்டுக்குத் தூக்கிப் போகிறாள். மருத்துவமனைக் கணக்கில் அக்குழந்தை குணமடைந்தவர் பட்டியலில் சேர்கிறது.

அந்தப் பட்டியலுக்கு அப்பால் போய்ப் பார்த்தவர்கள் முலாகோவில் இருந்தார்கள். மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, நால்வரில் ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடு நிலைத்துவிட்டதைக் காட்டியது. பின்னர் ரிச்சர்ட் இட்ரோவும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப் பிழைத்த குழந்தைகளுக்கு நெடுங்கால மனநலக் கோளாறுகள் கூடுதலாக வருவதைச் சொன்னது: காரணமின்றி அடிப்பது, ஓரிடத்தில் இருக்க முடியாமை, பள்ளியில் யாரோடும் ஒட்டாமை. பள்ளி ஆசிரியருக்கு அவன் அடங்காத பையன். தந்தைக்கு அவன் பிரம்புக்குரியவன். மூன்று வயதில் வந்த காய்ச்சலையும் ஒன்பது வயதில் வந்த குறும்பையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் வழியில்லை. சுகாதார நிலையத்தின் சீட்டில்கூட அக்காய்ச்சல் இல்லை, ஏனெனில் சீட்டு எப்போதோ தொலைந்திருக்கும்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒட்டுண்ணிக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு ஒரே பாதையில் போவதில்லை. தூக்க நோயைப் போல ஒட்டுண்ணி மூளைக்குள் புகுந்து நேரடியாகக் கெடுக்கலாம். மலேரியாவைப் போலக் காயத்தை விட்டுவிட்டுத் தான் மறைந்து போகலாம். மூளையைத் தொடாமலேயே, உடலைக் கோரப்படுத்தி, மணமும் வேலையும் மறுக்கப்படும் வாழ்வைத் தந்து மனத்தை ஒடிக்கலாம். நம் ஊர் யானைக்கால் நோயாளிகளின் மனச்சோர்வு அந்த வழியில் வருவது. இவை மூன்றும் ஒரே ஆளுக்கு ஒன்றாகவும் நேரலாம். அந்தக் கடைசி நிலையை நேரில் காணத்தான் வடக்கே போகிறேன்.

புதன், அருவா

கம்பாலாவிலிருந்து அருவா ஏறத்தாழ 500 கிலோமீட்டர். லுவேரோ, கருமா, பாக்வாச் வழியாகப் பேருந்து நாள் முழுவதும் ஓடியது. கருமா பாலத்தில் நைல் வெண்ணுரையாகப் பாறைகளில் மோதிப் பாய்வதைப் பார்க்கப் பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். கரையில் பபூன் குரங்குகள் ஊர்திகளுக்காகக் காத்திருந்தன. இப்படி வேகமாகப் பாயும், உயிர்வளி நிறைந்த நீரில்தான் கறுப்பு ஈக்கள் முட்டையிடுகின்றன. அவற்றின் கதையைக் கிட்கும் போன பிறகு எழுதுகிறேன். பாக்வாச்சில் ஆல்பர்ட் நைலைக் கடந்தால் மேற்கு நைல் நாடு தொடங்குகிறது. மற்றபடி இன்று எழுத ஒன்றுமில்லை.

வியாழன், அருவாவுக்கு வடக்கே

தூக்க நோய்க்கு இரு வகை ஒட்டுண்ணிகள் உண்டு. தென்கிழக்கில் இருப்பது மாடுகளில் தங்கி, மனிதருக்கு வந்தால் சில வாரங்களிலேயே முற்றுகிறது. வடமேற்கில், இந்த மேற்கு நைலில் இருப்பது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவி, ஓராண்டு இரண்டாண்டு என்று மெல்ல வேலை செய்கிறது. இரண்டும் உள்ள ஒரே நாடு உகாண்டா. மெல்ல வேலை செய்வதுதான் மனநலப் பார்வையில் ஆபத்தானது. காய்ச்சலும் கோமாவும் கண்ணுக்குத் தெரியும், இரண்டு ஆண்டுகளில் ஒரு மனிதரின் குணம் கரைவதை வீட்டார் வேறு எதற்கோ காரணம் சொல்லி ஏற்றுக்கொண்டு விடுவார்கள்.

ஓடைக்கரையில் ஈ வலைகளைப் பார்க்கப் போனோம். கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய நீலத் துணி, அதன் பக்கத்தில் அதே அளவு கறுப்பு வலை, இரண்டையும் சேர்த்து ஒரு குச்சியில் கட்டி நீரோரத்து மண்ணில் நட்டிருக்கிறார்கள். செட்ஸி ஈ நீலத்தைத் தேடி வரும். வந்து சுற்றும்போது பூச்சிக்கொல்லி தோய்ந்த வலையில் மோதிச் சாகும். வலையைத் தொட்டுப் பார்க்க நண்பர் விடவில்லை. ஓடையில் பெண்கள் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் குடங்களில் நீர் மொண்டுகொண்டிருந்தார்கள். ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக இந்த நீலத் துணிகள் அவர்களுக்குப் பக்கத்திலேயே அசைந்துகொண்டிருந்தன. ஊர் மக்கள் அதைப் பிடுங்காமல் வைத்திருப்பதே பெரிய காரியம் என்று உடன் வந்த சுகாதாரப் பணியாளர் சொன்னார்.

இந்தத் துணிகளும், விடாத இரத்தப் பரிசோதனையும், மருந்தும் சேர்ந்து வேலை செய்ததால் மெல்லக் கொல்லும் வகை உகாண்டாவில் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாமல் ஆயிற்று என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் சான்றளித்தது. மருந்தின் கதை தனியே சொல்லத்தக்கது. 1949 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல், நோய் மூளையை எட்டியவர்களுக்குக் கிடைத்தது மெலார்சொப்ரால். அதுவும் ஆர்செனிக் தான். ஊசி ஏறும்போது இரத்த நாளமே எரியும். சிகிச்சை பெற்ற நூறு பேரில் ஐந்து பேரை மருந்தே கொன்றது. பிறகு நாளத்தில் ஏற்றும் வேறு மருந்துக் கூட்டு வந்தது. 2018 முதல் ஃபெக்சினிடசோல் என்னும் மாத்திரை இருக்கிறது. பத்து நாள், உணவோடு விழுங்க வேண்டும், அவ்வளவே. அம்மருந்துக்கும் உறக்கமின்மை, மனக்கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் வரலாம் என்பதால், மனநோய் வரலாறு உள்ளவர்களை உடனிருந்து கவனிக்கச் சொல்கிறார்கள்.

மதியம் ஒரு சுகாதார நிலையத்தில் பணியாளர் ஒருவர், வந்தவர் எல்லோருடைய பின்கழுத்தையும் விரல் நுனிகளால் மெல்ல உருட்டிப் பார்ப்பதைக் கண்டேன். பயறு போன்ற முடிச்சு தட்டுப்பட்டால் உடனே விரல் நுனியில் இரத்தம் எடுக்கிறார். தாமஸ் விண்டர்பாட்டம் என்ற மருத்துவர் 1803இல் எழுதியிருக்கிறார்: மேற்கு ஆப்பிரிக்காவின் அடிமை வணிகர்கள் பின்கழுத்தில் கட்டி உள்ளவர்களை விலைக்கு வாங்க மாட்டார்களாம். மனிதரை விற்றவர்கள் கண்டறிந்த குறியை இன்று மனிதரைக் காக்கப் பயன்படுத்துகிறார்கள். நோயாளிகள் அநேகமாக இல்லாமல் போன பிறகு, இந்த விரல்களுக்கு வேலை குறையும். புதிதாக வரும் பணியாளருக்கு இது பழக்கமாகாது. அப்படி ஒரு காலம் வந்தபின் ஒருவர் குணம் மாறி வந்தால் அவரை நேரே புட்டாபிகாவுக்குத்தான் அனுப்புவார்கள். எனக்கு இன்று மிகுந்த கவலை தந்தது இதுவே.

வெள்ளி, மோயோவிலிருந்து குலுவுக்கு

மோயோவில் ஐம்பது வயதை ஒட்டிய ஒருவரைச் சந்தித்தோம். தம் கதையைச் சொல்ல அவரே விரும்பினார். பெயர் வேண்டாம் என்றும் அவரே சொன்னார். இளமையில், தெற்கு சூடானில் அகதியாக இருந்து ஊர் திரும்பிய காலத்தில், அவர் இரவு முழுவதும் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தாராம். பகலில் ஏர் பிடித்தபடியே உறங்கினாராம். பின்பு தம்பியை மண்வெட்டியால் அடித்துவிட்டார். ஆவி என்றார்கள், ஜெபக்கூட்டத்தில் காலில் கட்டையிட்டு வைத்திருந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு ஊருக்கு வந்த நடமாடும் பரிசோதனைக் குழு எல்லோருக்கும் இரத்தம் எடுத்தபோது, கட்டையில் இருந்தவருக்கும் எடுக்க வேண்டும் என்று அவருடைய அக்காள் பிடிவாதமாக நின்றிருக்கிறார். முதுகுத்தண்டு நீரில் ஒட்டுண்ணி இருந்தது. மருந்துக்குப் பிறகு தூக்கம் திரும்பியது, குரல்கள் நின்றன. தம்பி இன்றுவரை அவரோடு ஒரே திண்ணையில் உட்காருவதில்லை என்றார். உடல் தேறியதை ஊர் ஏற்றுக்கொண்டது. அந்த மண்வெட்டியை யாரும் மறக்கவில்லை.

கட்டையில் இருந்தவருக்கும் இரத்தம் எடுக்கச் சொன்ன அந்த அக்காள் எந்த மருத்துவப் பாடமும் படித்தவரல்லர். மனநோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் உடலைப் பார் என்ற எங்கள் துறையின் முதல் விதியை அவர் தம் போக்கில் கடைப்பிடித்திருக்கிறார்.

லரோபியில் படகில் நைலைக் கடந்தோம். கரையில் பன்றிகள் அவிழ்ந்து திரிந்தன. கழிப்பறை இல்லாத வீடுகளும் கண்ணில் பட்டன. பன்றி, மனித மலம், கழுவாத கை மூன்றும் ஓரிடத்தில் கூடினால் பன்றி நாடாப்புழுவின் முட்டை மனித மூளையில் நீர்க்கட்டியாகத் தங்க இடமுண்டு. வலிப்பு, மனச்சோர்வு, சிலருக்கு மனப்பிறழ்வு என்று அது வெளிப்படும். இதைப் பற்றி நாம் அந்நியரைப் போலப் பேச முடியாது: வேலூர் வட்டாரத்தில் செய்த ஆய்வு ஒன்றில், வலிப்பு தொடர்ந்து வரும் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டியே காரணமாக இருந்தது. பன்றிக்கறி தொடாதவருக்கும் வரும். சமைப்பவர் கையில் முட்டை இருந்தால் போதும்.

அட்ஜுமானியிலிருந்து குலுவுக்கு இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம்.

ஞாயிறு, கிட்கும்

இது செம்மண் நாடு. சாலையோரம் வட்டக் குடிசைகள், எள் வயல்கள், மாமரங்கள். 1986இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நீடித்த கிளர்ச்சிப் போரில், வடக்கு உகாண்டாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டார்கள். இரவில் குழந்தைகளைக் கடத்திப் போய்ப் படைவீரராக்கினார்கள். அந்த முகாம்களில் வளர்ந்த குழந்தைகள் சிலருக்கு விசித்திரமான ஒரு நோய் வந்தது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள், அதுவரை நன்றாக இருந்த குழந்தையின் தலை நிமிடத்துக்குப் பல முறை முன்னால் தொங்கி நிமிரும். பிறகு பெரிய வலிப்புகள் வரும். வளர்ச்சி நிற்கும், பேச்சு குறையும், பள்ளி நின்றுபோகும். அச்சோலி மக்கள் லுச்லுச் என்கிறார்கள். தமிழில் தலையாட்டு நோய் என்று எழுதுகிறேன்.

நண்பரின் உறவினர் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். நோய் வந்தபோது சிறுமி. இப்போது இருபதைத் தாண்டியவர், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரம்தான். அவருடைய தாய் பிசைந்த கேழ்வரகுக் களியையும் அவரைக்காய்க் குழம்பையும் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினார். முதல் கவளத்தை எடுத்துக் குழம்பில் தோய்த்தார். கை வாய்க்கு வரும் முன்னே நின்றது, கண் வெறித்தது, கழுத்தின் பிடி விட்டுத் தலை மார்பில் விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. குழம்பு முழங்கையில் வழிந்தது. தாய் பதறவில்லை, தட்டைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு மகளின் நெற்றியைத் தம் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். சிறிது நேரத்தில் தலை நின்றது. மகள் கவளத்தைப் பார்த்தார், சாப்பிடத் தொடங்கினார். பழகிய உணவைக் கண்டால் தலையாடத் தொடங்குவது இந்நோயின் அறியப்பட்ட இயல்பு, குளிரும் தூண்டும். பசியும் உணவும் பகையாகிவிட்ட இந்த உடல் மெலியாமல் எப்படி இருக்கும்?

அடுப்பில் விழுந்து வெந்த தழும்பு அவர் இடக்கையில் இருந்தது. வயலுக்குப் போகும்போது மகளை மாமரத்தில் கயிற்றால் கட்டிவைத்த நாள்கள் உண்டு என்று தாய் சொன்னார். அதைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கயிற்றைப் பார்த்து வெளியூர்க்காரர் படமெடுத்துப் போனதும் உண்டாம். நெருப்பும் ஆறும் சூழ்ந்த இடத்தில், துணைக்கு ஆளில்லாத தாய்க்கு வேறு என்ன வழி இருந்தது என்று நான் கேட்கிறேன்.

ஏன் வந்தது இந்நோய் என்பதில் பல கட்சிகள். ஊரார் பலருக்கு இது போரில் கொல்லப்பட்டு அடக்கம் பெறாதவர்களின் ஆவி. செகானே முசிசி உள்ளிட்ட உகாண்டா மனநல மருத்துவர்கள், போரின் கொடுமையும் பட்டினியும் வளரும் மூளையில் ஏற்படுத்திய காயத்தை எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் பார்த்த குழந்தைகளிடம் மனச்சோர்வும் பேரதிர்ச்சியின் குறிகளும் இருந்தன. ஆனால் இதே போன்ற தலையாட்டத்தை, போர் இல்லாத தான்சானியாவின் மகெங்கே மலைப்பகுதியில் லூயிஸ் யிலெக்-ஆல் என்ற மருத்துவர் 1960களிலேயே கண்டிருந்தார். தான்சானியா, தெற்கு சூடான், உகாண்டா ஆகிய நாடுகளின் நோய் ஊர்களுக்கெல்லாம் பொதுவாக இருப்பது வேகமாகப் பாயும் ஆறு, அதில் வளரும் கறுப்பு ஈ, அது கடித்துப் பரப்பும் ஆங்கோசெர்கா புழு. ஆற்றுக்குருடு என்னும் கண்பார்வை இழப்பைத் தருவதாக நாம் அறிந்த புழு அது.

புழுவுக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பை உறுதியாகக் காட்டியது காமரூனின் ம்பாம் பள்ளத்தாக்கு. அங்கே 1991-92இல் குழந்தைகளின் தோலில் இருந்த நுண்புழுக்களை எண்ணி வைத்திருந்தார்கள். 2017இல் அதே குழந்தைகளைத் தேடிப் போனபோது, சிறுவயதில் எவ்வளவு புழு இருந்ததோ அவ்வளவுக்கு வலிப்பு நோய் கூடியிருந்தது. புழு மூளைக்குள் போவதாகவும் தெரியவில்லை. நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் அது கிடைக்கவில்லை. புழுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், அடையாளம் தவறித் தன் நரம்பணுவையே தாக்கலாம் என்று 2017இல் ஓர் ஆய்வுக் குழு சொன்னது. இறந்த நோயாளிகளின் மூளையில், முதியோரின் மறதி நோய்களில் படிவது போன்ற டாவ் புரதப் படிவுகள் இருந்ததாக 2018இல் மற்றொரு குழு சொன்னது. முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

நடைமுறை விடை மட்டும் ஊரிலேயே இருக்கிறது. போர்க்காலத்தில், நுண்புழுக்களைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை ஒழுங்காகப் போய்ச் சேராத இந்த மாவட்டங்களில், 2012 முதல் ஆண்டுக்கு இருமுறை கொடுத்தார்கள். ஆற்றிலும் ஈப்புழுக்களைக் கொல்ல மருந்திட்டார்கள். அதன்பின் புதிதாகக் குழந்தைகளுக்கு இந்நோய் வருவது அநேகமாக நின்றுபோயிற்று. ஆவி, போர், புழு என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. புழு இருந்தது, முகாமும் பட்டினியும் இருந்தன, மாத்திரை வராமல் தடுத்தது போர். அந்தத் தாயிடம் இவற்றைப் பிரித்துக் கேட்டால் அவர் எதைப் பிரித்துச் சொல்வார்?

திங்கள், பாதெர் மாவட்டம்

தலையாட்டு நோயாளிகளுக்கான மருந்து நாள். கிராமத்துச் சுகாதார நிலையம் ஒன்றின் மரத்தடியில் காலை ஏழு மணிக்கே கூட்டம். 2012இல் சிகிச்சை மையங்கள் தொடங்கப்பட்டபோது குழந்தைகளாக வந்தவர்கள் இப்போது இளைஞர்கள். வால்புரோயேட் மாத்திரை பலருக்கு வலிப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. சிலர் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார்கள். மருந்து தீர்ந்துபோகும் மாதங்களில் வலிப்பு கூட்டமாகத் திரும்பி வருகிறது. இளம்பெண்கள் கருவுறும் வாய்ப்புள்ள வயதில் இருக்கிறார்கள். வால்புரோயேட் கருவுக்குக் கேடு. மாற்று மருந்து இங்கே எளிதில் கிடைப்பதில்லை. துணைக்கு ஆளின்றி வீட்டில் விடப்பட்ட பெண்கள் வன்கொடுமைக்கு ஆளான செய்திகள் இப்பகுதியில் பல உண்டு. இங்கே வந்தவர்களிலும் மடியில் குழந்தையோடு சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

நண்பர் ஒருவரையும் விடாமல் எல்லோரிடமும் பேசினார். அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் எனக்குப் புதியவையல்ல, ஆனால் அந்த மரத்தடியில் யாரும் கேட்காதவை: இரவில் உறக்கம் வருகிறதா, உயிரோடு இருப்பது வீண் என்று தோன்றியதுண்டா. வலிப்பே இல்லாமல் ஓராண்டாக நன்றாக இருக்கும் இளைஞர் ஒருவர், தோன்றியதுண்டு என்றார். அவருக்குப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. அவருடைய வயதுக்காரர்கள் மணமாகித் தனிக் குடிசை போட்டுவிட்டார்கள். அவரைத் தொட்டால் நோய் ஒட்டும் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அவர் குடித்த குவளையைத் தனியே வைக்கிறார்கள். வலிப்பு நின்றதால்தான் இவையெல்லாம் தமக்குப் புரிகின்றன என்றும், புரியாமல் இருந்த காலமே மேல் என்றும் அவர் சொன்னார். அவரோடு வந்த பாட்டிக்கும் அதே கேள்விகளைக் கேட்டோம். விடை சொல்லாமல் அழுதார்.

நிலையத்தின் பதிவேட்டைப் பார்த்தேன். பெயர், ஊர், எடை, கடந்த மாத வலிப்பின் எண்ணிக்கை, கொடுத்த மாத்திரை, அடுத்த வருகை. மனநிலையைக் குறிக்க இடமில்லை. ஆற்றுக்குருடு ஒழிப்புத் திட்டத்தின் ஏடு வேறு. அதில் மாத்திரை விழுங்கியவர்களின் தொகை இருக்கிறது. மனநலப் பிரிவின் ஏடு மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் இவர்களில் பெரும்பாலோர் அதில் இல்லை, ஏனெனில் இவர்களை வலிப்பு நோயாளிகள் என்று வகைப்படுத்தியாகிவிட்டது. ஒரே மனிதர் மூன்று ஏடுகளில் மூன்று துண்டாக இருக்கிறார், சில ஏடுகளில் இல்லவே இல்லை. இந்தப் பயணம் முழுவதும் நான் பார்த்த குறை இதுதான். எங்கள் ஊரிலும் யானைக்கால் மருத்துவ முகாமில் கால் கழுவக் கற்றுக்கொடுத்துவிட்டு, உறக்கம் வருகிறதா என்று கேட்காமல் அனுப்பிவிடுகிறோம்.

நிலையப் பொறுப்பாளர் நண்பரின் இரண்டு கேள்விகளையும் பதிவேட்டில் சேர்க்க ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் முதல் மருந்து நாளன்று கிட்கும் மனநலப் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் வருவதென்றும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் பாட்டிமாருக்கும் தனியே நேரம் ஒதுக்குவதென்றும் பேசி முடித்தார்கள். மருந்துக்கு மாவட்ட இருப்பிலேயே வழி உண்டு. மோட்டார் சைக்கிளுக்கான எரிபொருள் செலவை முதல் ஆறு மாதம் நண்பரின் சங்கம் ஏற்கிறது. அதற்குப் பிறகு மாவட்ட நிதியில் சேர்க்கக் கோரும் கடிதத்தை இன்றிரவே எழுதிவிட வேண்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கிறார். எண்ணிக்கைகளைச் சரிபார்க்க என்னையும் அழைக்கிறார்.